ஒரே நோயாளி, இரு காதுகள், இரு அறுவை முறைகள்: நாள்பட்ட நடுச்செவி நோயில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் நாற்பது வயதைத் தாண்டிய ஆண். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் பணிபுரிகிறார். ஒரு முறை கப்பல் ஏறினால் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை கரைக்குத் திரும்ப மாட்டார். சிறுவயதிலிருந்தே இரு காதுகளிலும் அவ்வப்போது சீழ் வடிந்திருக்கிறது. சொட்டு மருந்து விட்டால் நிற்கும், சளி பிடித்தால் மறுபடி வரும் என்பதால் அதை அவர் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வலியும் காய்ச்சலும் இல்லாத காதுச் சீழைப் பலரும் இப்படித்தான் பல ஆண்டுகள் சுமக்கிறார்கள்.

எங்களிடம் அவரை அழைத்துவந்தது தலைசுற்றல். வலது காதைத் துணியால் துடைக்கும்போதும் பலமாகத் தும்மும்போதும் சில நொடிகள் சுற்றுப்புறம் சுழல்வதாகச் சொன்னார். இயந்திர அறையின் செங்குத்தான ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு முறை அப்படி நேர்ந்து, கைப்பிடியைப் பற்றியபடி கண்களை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். அதன்பிறகே விடுப்பு கேட்டு வந்தார். வலது காதில் கேட்கும் திறன் குறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இடது காது தனக்கு நன்றாகவே கேட்பதாக அவர் நம்பியிருந்தார்.

இந்த நிகழ்வைப் பதிவு செய்யக் காரணம், ஒரே மனிதரின் வலது காதில் ஒரு முறையையும் இடது காதில் வேறொரு முறையையும் கையாள நேர்ந்ததுதான். அறுவை முறைகளை ஒப்பிடும் ஆய்வுகளில், ஒரு முறைக்கு உட்பட்டவர்களும் மற்றொன்றுக்கு உட்பட்டவர்களும் வெவ்வேறு மனிதர்கள். அவர்களின் வயதும் மூக்கு, தொண்டை நிலையும் சிகிச்சைக்குப் பின் ஒழுங்காக வருகிறார்களா என்பதும் வேறுபடுகின்றன. இங்கே இவையெல்லாம் இரு காதுகளுக்கும் பொது. ஆனால் இரு காதுகளிலும் நோயின் பரவல் ஒரே அளவில் இருக்கவில்லை. ஆகவே இதை ஒரு போட்டியின் முடிவாக எவரும் வாசிக்கலாகாது.

நோயும் இரு வழிகளும்

நாள்பட்ட நடுச்செவி அழற்சியில் இரு வகைகள் உண்டு. முதலாவது சளிச்சவ்வு வகை: செவிப்பறையின் நடுவே ஓட்டை, அதன் வழியே சளி கலந்த, பெரும்பாலும் நாற்றமில்லாத கசிவு. இரண்டாவது, கொலஸ்டியாட்டோமா உண்டாகும் வகை: செவிப்பறையின் மேல்பகுதியோ பின்மேல்பகுதியோ உள்நோக்கி இழுக்கப்பட்டுப் பையாகி, அந்தப் பையை மூடியிருக்கும் தோல் இடைவிடாமல் செதில்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். உதிர்ந்தவை வெளியேற வழியின்றிக் குவியும். இந்தத் தோல்பையும் அதன் குவியலுமே கொலஸ்டியாட்டோமா. குவியலில் கிருமித்தொற்று ஏறும். அழற்சி தூண்டிவிடும் எலும்பரிக்கும் செல்கள் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும். முதலில் கரைவது பெரும்பாலும், ஒலியைக் கடத்தும் மூன்று சிறு காதெலும்புகளில் நடுவிலுள்ள பட்டடை எலும்பின் நீண்ட கிளைதான். அடுத்து, சமநிலைக்குப் பொறுப்பான பக்கவாட்டு அரைவட்டக் குழலின் மேடு, முகநரம்பை மூடியிருக்கும் மெல்லிய எலும்பு, மூளை உறைக்குக் கீழுள்ள தகடு என அரிப்பு முன்னேறலாம். இந்த வகையை மருந்தால் அடக்கி வைக்கலாமே தவிர நீக்க முடியாது.

அறுவையின் வரலாறு ஏறத்தாழ ஒரே கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறது: புறச்செவிக் குழாயின் பின்சுவரை வைத்திருப்பதா, எடுப்பதா? 1873-இல் ஷ்வார்ட்சே, காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து சீழை வெளியேற்றும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார். அந்நூற்றாண்டின் இறுதியில் பின்சுவரையும் காதெலும்புகளையும் சேர்த்து நீக்கும் முழு அறுவை வந்தது. உயிரைக் காத்தாலும் செவித்திறனை அது பெரும்பாலும் பலிகொண்டது. 1910-இல் போண்டி, நோய் காதெலும்புகளுக்கு வெளிப்புறமாக மட்டும் இருந்தால் செவிப்பறையையும் எலும்புகளையும் விட்டுவைக்கலாம் என்று காட்டினார். 1950களில் வுல்ஸ்டைனும் சோல்னரும் செவிப்பறைச் சீரமைப்பை வகைப்படுத்தியபின், செவித்திறனை மீட்பதும் அறுவையின் நோக்கமாயிற்று. அதைத் தொடர்ந்துதான், பின்சுவரைத் தொடாமல் மாஸ்டாய்டு வழியாகவும் புறச்செவிக் குழாய் வழியாகவும் இரு பக்கங்களிலிருந்து நோயை எடுக்கும் முறை பரவியது.

சுவரை நீக்கும் முறையில் மாஸ்டாய்டு, மேல் நடுச்செவி, புறச்செவிக் குழாய் மூன்றும் ஒரே குழியாகின்றன. நோய் மீண்டால் வெளியிலிருந்தே தெரியும். ஆனால் அந்தக் குழி தானாகத் தூய்மையடையாது. சுவரைக் காக்கும் முறையில் காதின் இயல்பான வடிவம் நிலைக்கிறது, தண்ணீர் பட்டாலும் தொல்லை குறைவு. ஆனால் எஞ்சிய நோய் சுவருக்குப் பின்னே கண்ணுக்குப் படாமல் வளரலாம். நோய் மறுபடி காணப்படும் விகிதம், சுவர் நீக்கிய காதுகளில் 5 முதல் 17 சதவீதம் என்றும், காத்த காதுகளில் 9 முதல் 70 சதவீதம் என்றும் வெளியான கட்டுரைகள் கூறுகின்றன. 9-க்கும் 70-க்கும் இடையிலான இந்த அகன்ற இடைவெளி, முறையைப் பற்றிச் சொல்வதைவிட அதைக் கையாண்டவர்களையும் அவர்கள் எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்பதையும் பற்றியே அதிகம் சொல்கிறது என்பது எங்கள் கருத்து.

முதல் பரிசோதனையில் கண்டவை

வலது காதில் துர்நாற்றமுள்ள, அளவில் குறைந்த சீழ். உறிஞ்சி எடுத்தபின் நுண்ணோக்கியில் பார்த்தபோது செவிப்பறையின் மேல்பகுதியில் அகன்ற குழிவும், அதன் விளிம்பில் எலும்பு அரிக்கப்பட்டிருப்பதும், உள்ளே வெள்ளைச் செதில் குவியலும் தெரிந்தன. அதன் முன்புறத்தில் ஒரு சதைத்துணுக்கு நின்றது. காதின் முன்மேட்டை விரலால் அழுத்தியதுமே அவர் நாற்காலியின் கையை இறுகப் பற்றினார். கண்கள் பக்கவாட்டில் துடித்தன. அரைவட்டக் குழல் அரிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வெளிநோயாளர் அறையில் கிடைப்பது அரிது. முகத்தசைகள் இருபுறமும் சமமாக இயங்கின.

இடது காதை அவர் காட்ட வரவேயில்லை. அங்கேயும் செவிப்பறையின் மேல்பகுதியில் ஒரு சிறு குழிவு இருந்தது. அதன் வாய் ஒரு பொருக்கால் மூடப்பட்டிருந்தது. அந்தப் பொருக்கைக் காய்ந்த காதழுக்கு என்று கடந்துவிடுவது எளிது. ஈரப்படுத்தி எடுத்துப் பார்த்தபோது கீழே செதில்கள் இருந்தன. மேல்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கை எடுத்துப் பார்க்காமல் காது நன்றாக இருக்கிறது என்று எழுதக்கூடாது என்பதை எங்கள் துறையில் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித்தருவார்கள்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்தபோது ஒலி வலது பக்கம் சாய்ந்தது; ஒலி கடத்தலில் குறை அதிகமுள்ள காதின் பக்கமே அது சாயும். செவித்திறன் பதிவில் (எண் குறைவாக இருந்தால் கேட்கும் திறன் மேல்) வலது காதின் காற்றுவழிச் சராசரி 58 டெசிபெல், உட்செவியின் திறனைக் காட்டும் எலும்புவழி 20. இடது காதில் முறையே 38, 15. வலது உட்செவி இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது என்பதே இந்த எண்களில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

பொட்டெலும்பின் நுண்ணிய சி.டி. படத்தில் வலப்புறம் மேல் நடுச்செவியும் அதன் பின்னுள்ள அறையும் மென்திசுவால் நிறைந்திருந்தன. பட்டடை எலும்பின் பெரும்பகுதியைக் காணவில்லை. பக்கவாட்டு அரைவட்டக் குழலின் மேட்டில் ஒரு திறப்பு தெரிந்தது. மாஸ்டாய்டு காற்றறைகள் இல்லாமல் இறுகிச் சுருங்கியிருந்தது, மூளை உறை தாழ்ந்திருந்தது, மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் சிக்மாய்டு சிரை வழக்கத்தைவிட முன்தள்ளி நின்றது. இடப்புறம் மாஸ்டாய்டில் ஓரளவு காற்றறைகள் இருந்தன; மென்திசு மேல் நடுச்செவியோடு நின்றிருந்தது போலத் தோன்றியது. ஐரோப்பிய, ஜப்பானிய செவியியல் அமைப்புகள் 2017-இல் இணைந்து வெளியிட்ட நிலைப்பகுப்பின்படி, உட்செவித் திறப்பு இருப்பதால் வலது காது மூன்றாம் நிலை; ஒரே பகுதியில் நின்ற இடது காது முதல் நிலை.

வலது காது: முடிவும் அதன் காரணங்களும்

எந்தக் காதை முதலில் என்பதில் விவாதம் இல்லை. கேட்கும் திறன் குறைந்த காதை முதலில் செய்வதே வழக்கம். இங்கே சிக்கல் ஏற்பட்டிருந்ததும் அதே காதுதான்.

எந்த முறை என்பதில்தான் குழுவுக்குள் இரு கருத்துகள் இருந்தன. சுவரைக் காக்கலாம் என்றவர்கள் அவருடைய வேலையைச் சுட்டிக்காட்டினார்கள்: வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இயந்திர அறையில் ஒரு திறந்த குழி காய்ந்திருப்பது கடினம், இரைச்சலுக்காகக் காதை மூடும் கவசம் அணிவதால் காற்றும் குறையும், கப்பலில் குழியைத் துப்புரவு செய்ய ஆள் கிடையாது. நீக்க வேண்டும் என்றவர்கள் எலும்பின் அமைப்பைக் காட்டினார்கள்: சிரை முன்தள்ளி, மூளை உறை தாழ்ந்து, மாஸ்டாய்டு சுருங்கிய காதில் சுவரை வைத்துக்கொண்டு உள்ளே பார்ப்பதற்கே இடம் போதாது. அரைவட்டக் குழல் திறந்திருக்கையில் குறைந்த பார்வையோடு அங்கே வேலை செய்வது உட்செவியைப் பணயம் வைப்பதாகும்.

முடிவைத் தீர்மானித்தது மூன்றாவது ஒரு கணக்கு. சுவரைக் காத்தால், ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களில் இரண்டாவது அறுவையோ, அதற்கு ஈடான எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ கட்டாயம். சுவரை நீக்கினால் பின்தொடர்தல் தேவையில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள்; அது சரியல்ல, குழிக்கும் கவனிப்பு வேண்டும். இரு முறைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, நோயாளி வராமல் போனால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. கவனிக்கப்படாத குழி சீழ் வடிக்கும், நாறும், அவரே திரும்பி வருவார். கவனிக்கப்படாத மூடிய காதில் நோய் அடுத்த சிக்கல் வரை ஓசையின்றி வளரும். ஏற்கெனவே உட்செவி வரை அரித்த நோய்க்கு இந்த இரண்டாவது வாய்ப்பைத் தர நாங்கள் விரும்பவில்லை. சுவரை நீக்கி, குழியை முடிந்தவரை சிறிதாக்குவது என்று முடிவாயிற்று.

“ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடுமா, டாக்டர்?” என்பதே அவருடைய ஒரே கேள்வி. நோயை ஒரே முறையில் முழுவதும் நீக்குவதே நோக்கம், ஆனால் காதைப் பார்த்துக்கொள்வது அவருடைய ஆயுள் முழுவதும் தொடரும் என்று விளக்கினோம். முகநரம்புப் பாதிப்பு, செவித்திறன் முற்றிலும் இழப்பு, சுவை மாற்றம், தலைசுற்றல் நீடிப்பது ஆகிய அபாயங்களோடு, அறுவையின்போது கண்டதற்கேற்ப முறை மாறக்கூடும் என்பதும் ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்டது.

வலது காது: அறுவையில் நடந்தவை

அறுவைக்கு முன் சில நாள்கள் காதைத் துப்புரவு செய்து சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தோம். முழு மயக்கத்தில், முகநரம்புக் கண்காணிப்புக் கருவி பொருத்தி, காதுக்குப் பின் கீறல் இடப்பட்டது. டிரில்லைத் தொட்டதும் முதலில் செய்தது, மாஸ்டாய்டின் வெளிப்பரப்பில் நோய் அண்டாத எலும்பிலிருந்து எலும்புத்தூளைச் சேகரித்து மருந்துநீர் கலந்து தனியே மூடி வைத்தது. நோயுள்ள இடத்தைத் திறந்தபின் எடுக்கும் தூளில் ஒரு துளி தோல் கலந்தாலும், குழியை நிரப்பும்போது அதையும் புதைத்துவிட நேரும்.

பின்சுவரை இறக்கியதும் நோயின் முழு உருவம் தெரிந்தது. பட்டடை எலும்பில் ஒரு துண்டே மிஞ்சியிருந்தது. உட்செவியோடு சேரும் அங்கவடி எலும்பின் வளைவு முழுதாக, அசையும் நிலையில் இருந்தது. இது எதிர்பாராத நல்ல செய்தி. அதற்கு மேலே முகநரம்பு எலும்பு மூடியின்றி வெளியே தெரிந்தது. அரைவட்டக் குழலின் மேல் படிந்திருந்த தோலை மட்டும் கடைசி வரை தொடவில்லை. மற்ற இடங்களிலெல்லாம் நோயை நீக்கி, டிரில் வேலையும் முடிந்து, ரத்தக்கசிவு நின்றபின், அங்கே தொடர்ந்து நீர் விட்டுக்கொண்டு, உறிஞ்சு குழாயைத் திறப்பின் மேல் காட்டாமல், நுனி வளைந்த நுண்கருவியால் தோலைச் சிறிது சிறிதாகப் பிரித்தோம். திறப்பு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். அதன் கீழ் உட்சவ்வு கிழியாமல் நீலநிறக் கோடாகத் தெரிந்தது. உடனே தசை உறைத் துண்டாலும் எலும்புத்தூளாலும் மூடினோம். தோல் அங்கே இறுக ஒட்டியிருந்தால், அதைப் பிரிக்காமல் அப்படியே விட்டுக் குழியின் உள்ளுறையாக ஆக்கிவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

குழி நல்ல குழியாக அமைவதற்கு நான்கு விஷயங்கள் வேண்டும்: முகநரம்பை மூடிய மேட்டை நரம்புக்கு மிக அருகில் வரை தாழ்த்த வேண்டும், ஓரங்களைச் சாய்வாக்க வேண்டும், மாஸ்டாய்டின் கீழ்நுனியில் தனித்த பள்ளம் விடக்கூடாது, காதுத் துளையை அகலப்படுத்த வேண்டும். சுவர் நீக்கிய காது ஓயாமல் வடிகிறது என்ற குறையோடு வருபவர்களைப் பரிசோதித்தால், பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று அரைகுறையாக விடப்பட்டிருக்கும். குறை முறையின் மேல் சுமத்தப்படுகிறது. கீழ்நுனியைத் தசைமடலாலும் எலும்புத்தூளாலும் நிரப்பினோம். மேல் நடுச்செவியையும் அரைவட்டக் குழலைச் சுற்றிய பகுதியையும் நிரப்பாமல் பார்வைக்குத் திறந்தே விட்டோம். செவிப்பறைக்குப் பொட்டுத்தசை உறையை விரித்து, அங்கவடியின் தலைமேல் மெல்லிய குருத்தெலும்புத் துண்டை வைத்து ஒலிவழியை அமைத்தோம்.

மறுநாள் முகம் இயல்பாக அசைந்தது. முதல் வாரத்தில் இலேசான தலைசுற்றல் இருந்து தணிந்தது. குழி முழுவதும் தோல் படர ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. அழுத்தினால் வரும் தலைசுற்றல் அதன்பின் வரவேயில்லை. காற்றுவழிச் சராசரி 42 டெசிபெலாக முன்னேறியது, எலும்புவழி மாறாமல் 20-இல் நின்றது. அவர் ஒரு பயணம் சென்று திரும்பினார்.

இடது காது: வேறு முடிவு, வேறு காரணங்கள்

பயணம் முடிந்து வந்தபோது இடது காதின் குழிவு ஆழமாகியிருந்தது. இப்போது அவரே, “அந்தக் காதையும் திறந்தே விட்டுவிடுங்கள், ஒரே தொல்லையாகப் போகட்டும்” என்றார். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது; இருந்தும் நாங்கள் ஏற்கவில்லை. இந்தக் காதில் நோய் சிறிது, மாஸ்டாய்டில் இடம் இருந்தது, உட்செவி அரிக்கப்படவில்லை, அவர் பேச்சைப் புரிந்துகொள்ள நம்பியிருப்பதும் இதே காது. இரு புறமும் குழிகள் இருந்தால், குளிர்ந்த நீரோ காற்றோ பட்டுத் தலைசுற்றும் நிலை இரு பக்கமும் வரும். பின்னாளில் செவிக்கருவி அணிய நேர்ந்தால் அதன் அச்சு பொருந்துவதும் கடினம்.

காதுக்குப் பின்னிருந்து மாஸ்டாய்டைத் திறந்து, பின்சுவரைக் காத்து, நோயை எடுத்தோம். படத்தில் தெரிந்ததைவிட நோய் சற்றுப் பின்னே பரவி, அடுத்த அறையின் வாயில் வரை வந்திருந்தது. ஆகவே முதல் நிலை என்று எழுதியதை இரண்டாம் நிலை என்று திருத்த வேண்டியதாயிற்று. பட்டடையின் நீண்ட கிளை அரிக்கப்பட்டிருந்ததால் அந்த எலும்பையும் சுத்தி எலும்பின் தலையையும் நீக்கினோம். நுண்ணோக்கி நேர்கோட்டில்தான் பார்க்கும். முகநரம்புக்கு உட்புறமாக மறைந்திருக்கும் சைனஸ் டிம்பானி என்ற பள்ளத்தை அது எட்டாது. அங்கே 45 பாகை கோணமுள்ள எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பார்த்தபோது, நுண்ணோக்கியில் சுத்தமாகத் தெரிந்த இடத்தின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய தோல் இழை ஒட்டியிருந்தது. அதை நீக்கினோம். எண்டோஸ்கோப்பின் நுனி சூடாகும் என்பதால் ஒளியைக் குறைத்து, அடிக்கடி வெளியே எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு கை அதைப் பிடித்துக்கொள்வதால் மறு கையால் மட்டுமே வேலை நடக்கும். ரத்தம் கசியும் காதில் இது பொறுமையைச் சோதிக்கும்.

அரிக்கப்பட்ட மேல் எலும்பு விளிம்பையும் செவிப்பறையின் பின்மேல் பகுதியையும் காதின் முன்மேட்டிலிருந்து எடுத்த குருத்தெலும்பால் கட்டினோம். மறுபடி உள்ளிழுக்கப்படுவதைத் தடுப்பதில் தசை உறையைவிடக் குருத்தெலும்பு உறுதியானது. அங்கவடியின் மேல் டைட்டேனியச் செயற்கை எலும்பு பொருத்தப்பட்டது. காற்றுவழிச் சராசரி மூன்று மாதத்தில் 24 டெசிபெலாக முன்னேறியது.

இரண்டாவது அறுவைக்குப் பதிலாக, பன்னிரண்டாம் மாதத்தில் கொலஸ்டியாட்டோமாவுக்கெனத் தெரிவு செய்யப்படும் பரவல்வகை (திசுக்களில் நீர் பரவும் விதத்தைப் படமாக்கும்) எம்.ஆர்.ஐ. எடுப்பது என்று ஒப்புக்கொண்டார். செதில் குவியலை வெண்மையாகக் காட்டும் அந்தப் படம், ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றையே நம்பகமாகக் கண்டுபிடிக்கும். மிக விரைவில் எடுத்தால் பயனில்லை என்பதால்தான் ஓராண்டு இடைவெளி.

பின்தொடர்தலில் நடந்தவை

பன்னிரண்டாம் மாதத்தில் அவர் வரவில்லை. பணி ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருந்தது. இடது காது அறுவை முடிந்து பத்தொன்பதாம் மாதத்தில்தான் வந்தார். வலது காது வடிகிறது என்பதற்காகவே வந்தார்.

வலது குழியில் காதழுக்கும் செதிலும் கட்டியாக இறுகியிருந்தன. அதை நீக்கியபோது கீழ்ப்புறத்தில் ஒரு சிவந்த சதைத்துணுக்கு இருந்தது. காதுத் துளையும் அறுவை முடிந்த காலத்தைவிடச் சற்றுச் சுருங்கியிருந்தது. வெள்ளி நைட்ரேட்டால் சதையைக் கருக்கி, சொட்டு மருந்து கொடுத்து, வாரம் ஒரு முறை நுண்ணோக்கியில் துப்புரவு செய்தபின் காது காய்ந்தது. கொலஸ்டியாட்டோமா எங்கும் இல்லை. கப்பலில் குளிர்காற்று வீசும் குழாயின் எதிரே நின்றபோது ஒரு முறை தலை சுற்றியதாகவும், அதன்பின் பஞ்சு வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். இது திறந்த குழியின் இயல்பு. நோய் திரும்பியதன் அறிகுறி அல்ல.

இடது காதில் அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. செவிப்பறை முழுதாக, உள்ளிழுக்கப்படாமல் இருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் மேல் நடுச்செவியில் ஐந்து மில்லிமீட்டர் அளவில் ஒரு வெண்புள்ளி தெரிந்தது. புதிதாகப் பை உருவாகாமல், நலமான செவிப்பறைக்குப் பின்னே தனி முத்தாக இருப்பதால், இது மறுபடி தோன்றிய நோய் அல்ல, முதல் அறுவையில் எஞ்சிய துணுக்கு வளர்ந்தது என்று கொள்ள வேண்டும். புறச்செவிக் குழாய் வழியாக எண்டோஸ்கோப்பால் உள்ளே சென்று, குருத்தெலும்பை விலக்கி, உறை கிழியாத அந்த முத்தை முழுதாக எடுத்தோம். பின்சுவரைத் தொட வேண்டியிருக்கவில்லை. செவித்திறன் 26 டெசிபெலில் நிலைத்தது. ஓராண்டுக்குப் பின் எடுத்த படம் தூய்மையாக இருந்தது.

மதிப்பீடு

எண்களை மட்டும் பார்த்தால் இடது காது வென்றதாகத் தோன்றும்: அதில் கேட்கிறது, வடியவில்லை. ஆனால் அதற்கு இரண்டு அறுவைகளும் இரண்டு எம்.ஆர்.ஐ. படங்களும் தேவைப்பட்டன, ஏழு மாதத் தாமதம் ஐந்து மில்லிமீட்டரில் நின்றதற்கு நோய் தொடக்கத்தில் சிறிதாக இருந்ததும் ஒரு காரணம். வலது காது தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லைதான் அவரைக் கரைக்கு அழைத்துவந்து இடது காதிலிருந்த அமைதியான முத்தையும் கண்டுபிடிக்க வைத்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அங்கவடி இருந்ததால்தான் வலது காதின் செவித்திறன் இந்த அளவுக்கேனும் மீண்டது. சுவரை நீக்கியதால் கெட்டது என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

வலது காதில் குழி முழுவதையும் எலும்புத்தூளால் நிரப்பிப் பின்சுவரை மீண்டும் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்த முறை இன்று பல இடங்களில் நல்ல பயன் தருகிறது. ஆனால் நிரப்பிய பொருளுக்கு அடியில் புதைந்த தோலைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. தவிர வேறு வழியில்லை. குறித்த காலத்தில் படம் எடுக்க வராதவருக்கு, உட்செவித் திறப்பின் மேல் அதைச் செய்யத் துணியவில்லை. கரையிலேயே வேலை செய்பவராக இருந்திருந்தால் எங்கள் விடை வேறாக இருந்திருக்கலாம்.

இனி மாற்றுபவை

எம்.ஆர்.ஐ. பரிசோதனையை இத்தனையாவது மாதம் என்று எழுதித் தருவதை இத்தகைய நோயாளிகளுக்கு நிறுத்திவிட்டோம். பணி ஒப்பந்தத்தின் தேதிகளைக் கேட்டு, ஒன்பதாம் மாதத்துக்குப் பின் வரும் முதல் கரை விடுப்பில் படம் எடுப்பது என்று குறிக்கிறோம். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் குழியைத் துப்புரவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதே தாளில் இடம்பெறுகிறது.

ஈரமான சூழலில் வேலை செய்பவர்களுக்குக் காதுத் துளையை வழக்கத்தைவிட அகலமாகவே அமைக்கிறோம். முதலில் பார்ப்பதற்குச் சற்று உறுத்தினாலும், எந்தத் துளையும் ஆறும்போது சுருங்கும். சுவரைக் காக்கும் அறுவைகளில், செவிப்பறையை மூடுமுன் எண்டோஸ்கோப்பால் பார்க்கும் இடங்களில் சைனஸ் டிம்பானியோடு நிற்காமல் மேல் நடுச்செவியின் முன்மூலையையும் சேர்த்திருக்கிறோம். இடது காதின் முத்து வளர்ந்திருந்தது அங்கேதான்.

கப்பலில் மருத்துவப் பொறுப்பில் இருப்பவருக்கென ஒரு பக்கக் குறிப்பும் இப்போது நோயாளியின் கையில் கொடுக்கப்படுகிறது. எந்தக் காது திறந்த குழி, அதில் தண்ணீர் பீச்சக்கூடாது, எந்தச் சொட்டு மருந்தை விடலாம், முகம் கோணினாலோ கடும் தலைவலியோடு காய்ச்சல் வந்தாலோ அடுத்த துறைமுகத்திலேயே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற விவரங்கள் அதில் உள்ளன. வலது காதுக்குச் செவிக்கருவி பொருத்துவது பற்றி அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. குழி தொடர்ந்து ஆறு மாதம் காய்ந்திருந்தால் அச்செடுக்கலாம் என்று கூறியிருக்கிறோம்.